படம் ஈக்கிது

நாங்கள் ‘இருக்கு’ என்பதை அவர் ‘ஈக்கிது’ என்பார். எங்கள் பக்கத்து முஸ்லிம் ஆட்களின் பேச்சு அது. முதல் நாள் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அவரைத் தங்கச்சி என்று கூப்பிடுவேன். அவர் என்னை அண்ணன் என்பார். அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஹட்டன் பஜாரில் எட்டுப் படி ஏறினால் ஒரு கடை. ஃபோட்டோகொப்பி, டைப்பிங், லெமினேட். கடை அவருடைய நானாவுடையது. நானா என்றால் அண்ணன். கணனிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது தங்கச்சிதான்.

அவர் இறந்து ஏழு மாதம். ஜனாஸாவை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். எனக்குச் செய்தி வந்தது மறுநாள். போனேன். கதிரை போட்டு உட்கார வைத்தார்கள். பால் விடாத பிளேன்டி கொடுத்தார்கள். சுவரில் படம் எதுவும் இல்லை. அந்த வீட்டில் படம் மாட்டுகிற வழக்கம் இல்லை. நானாவிடம் கேட்டேன். போனிலும் இல்லை என்றார்.

“எடுக்க விட்டாத்தானே. போனத் தூக்கினா முகத்த மூடிக்கொள்ளுவா.”

ஒரு வருஷம் எனக்காகப் படம் தேடிய ஆள். அவருக்கு ஒரு படம் இல்லை. அதனால் எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆள் குள்ளம். கதிரையில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. கீழே ஒரு பழைய டின்னைக் கவிழ்த்து வைத்திருப்பார், கால் வைக்க. கணனியின் எழுத்துப் பலகையைப் பூப்போட்ட துணியால் மூடி வைப்பார். வேலை தொடங்கும்போது துணியை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொள்வார். திரையை விரலால் தொட மாட்டார். மை தீர்ந்த பேனா ஒன்று இருந்தது. அதால்தான் காட்டுவார். யாராவது ‘இல்லை’ என்று சொன்னால் அந்தப் பேனா மேலே போகும்.

ஒரு நாள் டிக்கோயாப் பக்கத்து அம்மா ஒருத்தர் அழுதுகொண்டே படியேறி வந்தார். அடையாள அட்டை தொலைந்துவிட்டது.

“இல்லாமப் போச்சு தாயி. எல்லா எடமும் பாத்துட்டேன். இல்ல.”

பேனா மேலே போனது. “ஈக்கிது. அழாதீங்க. காலையில எங்க கொப்பி அடிச்சீங்க?”

“தபாலாபீசுக்குக் கீழ ஒரு கடையில.”

“அங்க போய் மெஷின் மூடியத் தூக்கிப் பாக்கச் சொல்லுங்க. உள்ளுக்கு ஈக்கிது.”

இருந்தது. அந்த அம்மா திரும்பி வந்து இரண்டு பேரிக்காய் வைத்துவிட்டுப் போனார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “எல்லாரும் அங்கதான் விட்டுட்டுப் போறது. தாள எடுப்பாங்க, அட்டைய மறப்பாங்க” என்றார். ஒரு பேரிக்காயை எனக்குத் தந்தார்.

நானாவுக்குத் தினமும் ஏதாவது தொலையும். கடைச் சாவி. கண்ணாடி. தங்கச்சி தலையைத் தூக்காமலே சொல்வார், “ஈக்கிது நானா. குளிர்சட்டப் பையில.” நானா பையில் கைவிட்டு எடுத்துக்கொண்டே எங்களிடம் சொல்வார்:

“இவளுக்கு எல்லாம் ஈக்கிது. மாப்பிள்ள ஒண்டுதான் இல்ல.”

“அவரும் ஈக்கிறார் நானா. எங்கேண்டுதான் தெரியல.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சொல் எல்லா நேரமும் நல்லது செய்யவில்லை. அதையும் சொல்ல வேண்டும். உடப்புசல்லாவையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கொழும்புக்கு வேலைக்குப் போன புருஷன். மூன்று வருஷமாகச் செய்தி இல்லை. ஒரு சின்னப் படத்தைப் பெரிதாக்கித் தரக் கேட்டாள். பேச்சோடு பேச்சாகத் தங்கச்சி சொல்லிவிட்டார், “ஈக்கிறார், தேடுங்க.” அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மாதாமாதம் வந்தாள். எதுவும் அச்சடிக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லைக் கேட்கத்தான் வந்தாள்.

நானா ஏசினார். “தாளுக்குச் சொல்றத ஆளுக்குச் சொல்லாத. அவ இனி வீட்டுக்குப் போய்ச் சோறு ஆக்குவாளா, வாசலப் பாத்துக்கிட்டு இருப்பாளா?”

அதற்குப் பிறகு ஆட்களைப் பற்றித் தங்கச்சி அப்படிச் சொன்னதை நான் கேட்டதில்லை. என் மகனைப் பற்றி ஒரு தடவையும் சொல்லவில்லை.

என் மகன் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். தேயிலைத் தோட்டம். றொசல்ல பக்கம். ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக இருபது காம்பரா, அதுதான் எங்கள் லயம். எந்தக் காம்பராவில் யார் இருந்தார்கள், எப்படி இருந்தார்கள் என்று அவன் புத்தகம் எழுதினான். போனில் படமும் எடுத்தான். அச்சடிக்க வேண்டாம், ஈ-புக் போடலாம் என்றான். லயத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் கொழும்பிலும் கட்டாரிலும் இருக்கிறார்கள், அங்கிருந்தே போனில் படிப்பார்கள் என்றான். எழுதி முடித்தான். ஐந்து நாள் காய்ச்சல். அவ்வளவுதான்.

அவன் அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும்.

அவன் சட்டைப் பையில் ஒரு பென்டிரைவ் இருந்தது. அதை எடுத்துக்கொண்டுதான் முதல் தடவை அந்த எட்டுப் படி ஏறினேன்.

தங்கச்சி செருகிப் பார்த்தார். எழுத்து வந்தது. படம் வர வேண்டிய இடத்தில் வெறும் பெட்டி. பெட்டிக்குள் சிவப்பில் பெருக்கல் குறி. கீழே மகன் எழுதிய சொல் மட்டும். ‘பீலியடி’, நாங்கள் தண்ணீர் பிடிக்கிற இடம். ‘பிள்ளைக்காம்பரா ஆயா’, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்ப்பவர். ‘ஏழாம் காம்பராத் தாத்தா’. இப்படி இருபத்தேழு பெட்டி. கடைசிப் பெட்டிக்குக் கீழே ஒரே சொல். ‘அப்பா’.

“படம் இல்லீங்களா?” என்று கேட்டேன்.

பேனா மேலே போனது. “அப்பிடிச் சொல்லாதீங்க. ஈக்கிது. எங்கேண்டுதான் தெரியல.”

பிறகு விளக்கினார். “தம்பி படத்த உள்ளுக்கு வெக்கல்ல. படம் எங்க ஈக்கிதோ அந்த விலாசத்த மட்டும் வெச்சீக்கிறார். அவர்ட கொம்பியூட்டர்ல எல்லாம் சரியாத் தெரிஞ்சீக்கும். இங்க அந்த விலாசத்துல போய்த் தட்டினா ஆரும் தொறக்கிறாங்கல்ல.”

“விலாசம் இருக்கு. ஆள் இல்ல.”

“அதேதான்.”

“நாங்க ஆள் இருக்கோம். விலாசந்தான் இல்ல” என்றேன்.

எங்கள் லயத்துக்குக் கடிதம் வந்தால் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். காம்பராவுக்கு வந்து யாரும் கொடுப்பதில்லை. அவர் சிரிக்கவில்லை. மடியில் இருந்த துணியைச் சரிசெய்துகொண்டார்.

மகன் எழுதிய கணனி அவன் சிநேகிதனுடையது. சிநேகிதன் கட்டாருக்குப் போகும்போது உள்ளே இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு விற்றுவிட்டான். அவனுக்குத் தெரியாது. அவனைக் குறை சொல்ல முடியாது.

“தம்பிட போன்?” என்று கேட்டார்.

“ஒடைஞ்சி போச்சு.”

“எங்க ஈக்கிது?”

“டிரங்குப் பெட்டியில.”

“கொண்டு வாங்க.”

அந்தப் பெட்டியை நான் அதுவரை திறக்கவில்லை. திறந்தேன். அடுத்த புதன்கிழமை போனைக் கொண்டுபோனேன். அதற்குள்ளிருந்து நகம் அளவு சிப் ஒன்றை எடுத்தார். அதில் அறுநூறுக்கு மேல் படம். எதற்கும் பெயர் இல்லை. வெறும் இலக்கம். எது எந்தப் பெட்டிக்கு என்று தெரியாது.

நானா எட்டிப் பார்த்தார். “பெட்டிய எல்லாம் அழிச்சிட்டு எழுத்த மட்டும் ஏத்திக் குடு. வாசிக்கிறவனுக்கு என்ன தெரியப் போவுது?”

“வீட்டாள் வெளிய போயீந்தா கதவச் செங்கல் வெச்சிக் கட்டுவீங்களா நானா?”

நானா போய்விட்டார்.

அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் போனேன். அன்று கூட்டம் குறைவு. அவர் படத்தைக் காட்டுவார். நான் யாரென்று சொல்ல வேண்டும். நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அவர் விடமாட்டார்.

“இது ஆரு?”

“ஏழாம் காம்பரா.”

“காம்பராவயா கேட்டன்? ஆளக் கேட்டன்.”

“தாத்தா. செத்துட்டாரு.”

“எப்பிடிப்பட்ட ஆள்?”

“கோழி வளப்பாரு. அறுக்க மாட்டாரு.”

“பின்ன என்னத்துக்கு வளக்கிறது?”

“பேச்சுத் தொணைக்கு.”

அவர் சிரித்த சிரிப்பில் டின் உருண்டுபோனது. “உங்களுக்கும் ஒரு கோழி வாங்கித் தரணும் அண்ணன்” என்றார்.

இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. இடையில் ஒரு படம் வந்தது. மழை. கொங்காணி போட்ட ஒரு ஆள் போகிறார். சாக்கை மடித்துத் தலையிலிருந்து முதுகுக்குத் தொங்கவிட்டால் அதுதான் கொங்காணி. பின்பக்கம் மட்டும் தெரிந்தது.

“இது?”

“யாரோ வேலைக்குப் போறாங்க.”

“உங்கட லயத்து ஆளா?”

“கொங்காணி போட்டா எல்லாரும் ஒண்ணுதாங்க.”

அதை ஒதுக்கி வைத்தார்.

பதினைந்து படம் சேர்ந்தபோது ஒரு தடவை என் போனில் ஏற்றிப் பார்த்தார். எழுத்து இருந்தது. படம் மறுபடியும் போய்விட்டது. நான் எழுந்துவிட்டேன். போகலாம் என்று நினைத்தேன். அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“ஈக்கிது அண்ணன். மிதக்குது. தாள்ல மிதந்தா நிக்கும். போன்ல ஏத்தினா ஓடிப் போவும். இதுகள எல்லாம் பிடிச்சி லைன்ல வெக்கணும்.”

“அவங்க எல்லாம் லைன்லதானே இருந்தாங்க.”

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுத்து வரிசையோடு படத்தை உட்கார வைப்பதற்கு அந்தக் கணனியில் ‘லைன்’ என்றுதான் பெயராம். லயத்தை நாங்களும் லைன் என்போம். “நானா, கேட்டீங்களா?” என்று கத்தினார். “அண்ணன்ட ஆக்கள நான் லைன்ல குடி வெக்கிறன்!”

அடுத்த தடவை பத்துப் படம் வந்தது. ஐந்து வரவில்லை. அதற்கும் காரணம் கண்டுபிடித்தார். சேர்க்கும்போது படங்களுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தோம். சில பெயரை அந்த மெஷின் வாசிக்காதாம். இலக்கம் போட வேண்டும் என்றார்.

“பெரட்டுலயும் எங்களுக்கு நம்பர்தான்” என்றேன். பெரட்டு என்றால் காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புகிற இடம்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்ப நம்பர் மெஷினுக்கு. பேர் கீழ ஆக்களுக்கு” என்று எழுதத் தொடங்கினார்.

இருபத்தாறு படம் லைனில் உட்கார்ந்தது. கடைசிப் பெட்டி மட்டும் வெறுமையாக இருந்தது. ‘அப்பா’.

அறுநூறு படத்தையும் இரண்டு தடவை பார்த்தோம். என் முகம் ஒன்றிலும் இல்லை. அவன் போனைத் தூக்கினால் நான் தலையைத் திருப்பிக்கொள்வேன். “போடா, வேற வேல இல்லியா” என்பேன். ஆனால் எடுத்திருக்கிறான். புத்தகத்தில் இடமும் விட்டிருக்கிறான். அவன் கண்ணுக்கு நான் எப்படித் தெரிந்தேன் என்று எனக்குப் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

நானா சொன்னார், “இப்ப ஒண்டு எடுத்து வெச்சா முடிஞ்சிது.” அது சரி என்று எனக்கும் பட்டது. அடுத்த புதன்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். தங்கச்சி போனைத் தூக்கினார். பார்த்தார். கீழே வைத்துவிட்டார்.

“இது நான் எடுத்த படமாத்தானே ஈக்கும் அண்ணன்.”

பெட்டியை அப்படியே விட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு புதன் கடையில் அவர் இல்லை. கொழும்புக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாக நானா சொன்னார். மூன்றாவது புதன் வந்திருந்தார். மெலிந்திருந்தார். எழுத்துப் பலகைத் துணியை மடிக்காமல் தோளில் போட்டிருந்தார்.

“ஆஸ்பத்திரியில என்னா சொன்னாங்க? ஒண்ணும் இல்லீங்களே?”

“ஈக்கிது” என்றார்.

நான் அவர் தோளில் கிடந்த துணியைப் பார்த்தேன்.

“எங்கேண்டும் தெரியும்” என்றார். பிறகு பிளேன்டியை என் பக்கம் தள்ளினார். “ஆறுது. குடிங்க.”

நானா உள்ளே போய் மெஷினைப் போட்டார். கொப்பி அடிக்க ஒன்றும் இருக்கவில்லை. மெஷின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

நான் புதன்கிழமை போவதை நிறுத்தினேன். அவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று. இரண்டு மாதம் போயிருக்கும். அவரே போன் எடுத்தார். குரல் மாறியிருந்தது.

“அண்ணன், படம் ஈக்கிது. வாங்க.”

அன்றைக்கே போனேன். அவரை நானா பிடித்துப் படியேற்றிக் கொண்டுவந்திருந்தார். கதிரையில் தலையணை வைத்திருந்தது. கால் டின்னில் இருந்தது.

“நல்ல காலம் பெட்டிய அழிக்காம வெச்சது” என்றார். வெறும் பெட்டியின் மேல் எதையோ தட்டினார். ஒரு சின்னக் கட்டம் திறந்தது. உள்ளே எழுத்து இருந்தது. கண் தெரியாதவர்களுக்குப் போன் வாசித்துக் காட்டுமாம். அதற்காகப் படத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதி வைப்பார்களாம். மேலே பார்த்தால் தெரியாது. மற்றப் பெட்டிகளிலும் இருந்திருக்கிறது. புதுப் படம் வைத்தபோது போய்விட்டது. அவர் பழைய பென்டிரைவைத் திறந்து அத்தனையையும் திருப்பி எடுத்து வைத்திருந்தார். இருபத்தேழு வரி. என் மகன் எழுதி நான் கேட்காத வரிகள்.

கடைசியை நானே வாசித்தேன். எனக்கு வாசிக்க நேரமாகும். அவர் பேனாவால் ஒவ்வொரு சொல்லாகக் காட்டினார்.

‘மழையில் அப்பா வேலைக்குப் போகிறார். கூப்பிட்டேன். திரும்பவில்லை.’

“திரும்பல்லேண்டா முதுகுதானே அண்ணன்” என்றார். “நாங்க முகத்தத் தேடினம்.”

ஒதுக்கி வைத்திருந்த படத்தைத் திறந்தார். மழை. கொங்காணி.

“இது நான் இல்லீங்க.”

“நீங்கதான்.”

“கொங்காணி போட்டா எல்லாரும்...”

“இடப்பக்கத் தோளப் பாருங்க. சரிஞ்சீக்கிது. நீங்க படி இறங்கிப் போறத இந்தக் கதிரையில இருந்து ஒரு வருஷமாப் பாக்கிறன். உங்கட முதுகு எனக்குத் தெரியாதா?”

என் முதுகை நான் பார்த்ததில்லை. ஒரு தோள் தாழ்ந்திருப்பது எனக்குத் தெரியாது. கொழுந்துச் சாக்குத் தூக்கிய தோள். மகனுக்குத் தெரிந்திருக்கிறது. இவருக்கும் தெரிந்திருக்கிறது.

“மழைச் சத்தத்துல உங்களுக்குக் கேட்டீக்காது” என்றார்.

“ஆமா” என்றேன்.

கேட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். அன்றைக்குப் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. பிந்தினால் அரை நாள் பேர்தான் போடுவார்கள், சம்பளமும் பாதிதான். என்னத்தையாவது சொல்லப் போகிறான், வந்து கேட்கலாம் என்று நடந்தேன். அப்பா என்று இரண்டு தடவை கூப்பிட்டான். இரண்டும் கேட்டது.

அவர் படத்தை எடுத்து லைனில் வைத்தார். இருபத்தேழு என்று இலக்கம் போட்டார். என் போனில் ஏற்றித் தள்ளிக் காட்டினார். பீலியடி வந்தது. ஆயா வந்தார். கோழித் தாத்தா வந்தார். கடைசியில் நான் போய்க்கொண்டிருந்தேன்.

“தங்கச்சி பேரையும் கடைசியில போடுங்க” என்றேன்.

“வேணாம் அண்ணன். அது தம்பிட பொஸ்தகம்.”

அதனால் இங்கேயும் போடவில்லை.

எழுந்தேன். போய்ட்டு வாரேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மூன்று படி இறங்கியிருப்பேன். கீழே பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு நின்றது.

“அண்ணன்.”

சத்தமாகக் கூப்பிடவில்லை. அவ்வளவு சத்தம் அவரிடம் இருக்கவில்லை.

திரும்பினேன்.

மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“என்னா தங்கச்சி?”

“ஒண்டுமில்ல. போங்க.”

அவர் வாயில் ‘இல்ல’ என்று வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.